மிச்சம் தொங்கிய பூட்டு

ஒரு பூட்டு மிச்சம் இருந்தது.

உலைக்குள் தேய்ந்த பற்களை மாற்றப் போனவர்கள் எல்லோரும் வெளியே வந்து, அவரவர் பூட்டை அவரவர் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டு, கை கழுவி, சாப்பிடப் போய்விட்டார்கள். மெயின் சுவிட்சின் கைப்பிடி இப்போது மொட்டையாக இருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வர்ணம் இல்லை, பெயர் இல்லை. அடுப்புக்குள் போட்டு எடுத்தது மாதிரி கறுத்துப் போன ஒரு பழைய பூட்டு.

உலையை ஓட்டும் ஆபரேட்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கதகதவென்று இருந்தது. உலை அணைந்து ஒரு வாரம் ஆகப்போகிறது, இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது, இது மட்டும் யார் சட்டைப்பையிலிருந்து எடுத்த சூடு?

தாதுக்கல்லை வறுக்கும் உலை அது. ஒரு கட்டடம் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் இரும்புப் பீப்பாய். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்கல் தளங்கள், நடுவில் ஒரு தண்டு, தண்டிலிருந்து தளத்துக்குத் தளம் நீளும் இரும்புக் கைகள், அந்தக் கைகளில் கலப்பைக் கொழு போலப் பற்கள். தண்டு மெதுவாகச் சுற்றும். பற்கள் தூளைக் கிளறிக் கிளறி ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குத் தள்ளும். விழ விழ வெந்து, கந்தகம் புகைந்து, கடைசியில் அடியிலிருந்து செம்பழுப்புப் பொடியாகக் கொட்டும். தளம் முழுக்க உழுது தள்ளுகிற பற்களுக்கு நடுவே மனிதன் இறங்கி வேலை பார்க்கவேண்டும் என்றால் சும்மாவா? அதற்குத்தான் பூட்டு. உள்ளே போகிறவன் கைப்பிடியைக் கீழே இழுத்து, தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போவான். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் கைப்பிடி மேலே ஏறாது. அடுத்தவன் பூட்டை யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவன் பூட்டை நம்பி யாரும் உள்ளே போகவும் மாட்டார்கள். அது அவனுக்குக் காவல், உனக்கு இல்லை.

"என்ன மச்சான், பூட்டப் பாத்துக்கிட்டே நிக்கிற? பொண்ணு பாக்க வந்த மாதிரி!"

மாப்பிள்ளை. தங்கையின் கணவன். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே ஆபரேட்டர்தான். அவர் 'மாப்ள மாப்ள' என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு ஆலை மொத்தத்துக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். இடுப்பில் அவனுடைய நீலப் பூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"இது யாரோடது மாப்ள?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் வெளிய வந்தாச்சு. நான்தான் கடைசி."

ஆபரேட்டரின் பையில் போன் அதிர்ந்தது. தங்கை.

"அண்ணா, அவரு போன எடுக்கவே மாட்டேங்கறாரு. சாயங்காலம் ஸ்கேனுக்குப் போகணும், ஞாபகம் இருக்கான்னு கேளு. மறந்தாருன்னா வீட்டுக்கு வரவேண்டாம்னு சொல்லிடு."

"நான் அனுப்பி வெக்கிறேம்மா. நீ நிம்மதியா இரு."

"உன்ன நம்பித்தாண்ணா அவர அங்க விட்டிருக்கேன்."

எப்போதும் சொல்வதுதான். இன்று அது அவர் நெஞ்சில் முள் மாதிரி ஏறி நின்றது.

ஃபோர்மனை வாக்கிடாக்கியில் பிடித்தார். அந்தப் பக்கம் வாய் நிறையச் சோறு. "வெட்டிடாதய்யா! உள்ள ஆளில்லன்னு கண்ணால பாத்துட்டுத்தான் பூட்ட வெட்டணும். ஒருத்தன் உள்ள போய்ப் பாருங்க. நான் கைகழுவிட்டு வந்துடறேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம். உலையின் வயிற்றுக்குள்ளிருந்து, சுத்தியலால் தட்டுவது போல. உள்ளே ஆள் இருக்கிறான் என்று சொல்ல எல்லோரும் தட்டுவார்களே, அதே தட்டு.

டக். டக்டக்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவனோ உள்ள தூங்கிட்டான் போல," என்று மாப்பிள்ளை சிரித்தான். "கான்ட்ராக்ட் ஆளா இருக்கும். இரு, காதப் புடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

"உன் பூட்டப் போட்டுட்டுப் போ."

"அதான் ஒண்ணு தொங்குதே. அது இருக்கிறவரைக்கும் எவன் ஓட்ட முடியும்?"

"மாப்ள, சொன்னாக் கேளு."

"பசி உயிர் போகுது மச்சான். மாட்டி, கழட்டி... ரெண்டு நிமிஷ வேல. நீதான் சுவிட்சுகிட்ட நிக்கிறியே, அப்புறம் என்ன? பயப்படாத."

இன்னொரு தரம் கத்தியிருக்கலாம். சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கைப்பிடி கீழே, அதில் பூட்டு, பக்கத்தில் தானே காவல். இதில் என்ன வந்துவிடப் போகிறது? மாப்பிள்ளை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஆள் நுழையும் துளைக்குள் தலையைக் கொடுத்து, தவழ்ந்து உள்ளே போனான். கடைசியாக அவனுடைய பூட்ஸ் அடிப்பக்கம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

பட்டப்பகல்தான். ஆனால் அந்தக் கொட்டகைக்குள் பகலுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. கூரைத் தகடுகளின் ஓட்டை வழியாக இறங்கும் வெயில் தூசியில் முட்டி மோதிப் பாதி வழியிலேயே செத்துவிடும். கன்வேயர் நின்றிருந்தது, காற்றாடி நின்றிருந்தது, எங்கேயோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கந்தக நாற்றம், ஒரு வாரமாக இல்லாதது, மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஆமாம். எங்கேயோ எதுவோ வறுபடுகிறது.

"மாப்ள!"

"இருக்கேன்," என்று இரும்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒருத்தனையும் காணோம் மச்சான். ஆனா..."

"என்ன ஆனா?"

அவர் பொறுக்கமாட்டாமல் நடைமேடையில் நாலு எட்டு வைத்து, உலையின் சுவரில் இருந்த பார்வைக் கதவைத் திறந்தார். ஒரு தலை நுழையும் அகலம்தான். உள்ளே டார்ச் வெளிச்சம் தரையில் அலைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"கால் தடம் இருக்கு மச்சான். பூட்ஸ் இல்ல, வெறுங்கால். தண்டுகிட்ட இருந்து ஆரம்பிக்குது."

"எங்க போகுது?"

டார்ச் வெளிச்சம் தடத்தைப் பின்தொடர்ந்து மெல்ல ஊர்ந்தது. மாப்பிள்ளை வந்த துளைவரைக்கும்.

"வெளிய," என்றான் மாப்பிள்ளை. குரலில் சிரிப்பு இல்லை. "நான் உள்ள வந்த தடத்துக்கு மேலயே மிதிச்சுக்கிட்டு... வெளிய போயிருக்கு."

ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார்.

நடைமேடையில் சாம்பல் தடங்கள். துளையிலிருந்து தொடங்கி, அவர் முதுகுக்குப் பின்னால், அவரை உரசிக்கொண்டு போவதைப் போல. ஒவ்வொரு தடத்திலிருந்தும் இலேசாகப் புகை எழுந்தது.

கைப்பிடியில் பூட்டு இல்லை.

வெளியே வந்தவன் தன் பூட்டைத் தானே கழற்றுவான்.

சுவிட்சுக்கு முன்னால் அது நின்றது. ஆள் உயரம். ஆள் மாதிரி. தூளைக் குவித்து நிறுத்தியது போல ஒரு உடம்பு, அங்கங்கே பற்கள் உழுத பள்ளங்கள், பள்ளங்களுக்குள் கனலும் சிவப்பு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் கிளறப்பட்டிருந்தது. ஒரு கையில் கறுப்புப் பூட்டு. மறு கை கைப்பிடியில்.

"மாப்ள, வெளிய வா! ஓடி வா!"

கைப்பிடி மேலே ஏறியது.

மோட்டார் முனகியது. தண்டு அசைந்தது. மாப்பிள்ளைக்கும் துளைக்கும் நடுவே இரும்புக் கை மெதுவாகப் புறப்பட்டது. புதுப் பற்கள். இன்று காலையில் மாப்பிள்ளையே மாட்டிய பற்கள். அவன் துளையை விட்டுப் பார்வைக் கதவை நோக்கித் தாவினான். தோளை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. வலது கையை நீட்டினான். ஆபரேட்டர் பிடித்தார்.

"நிறுத்து மச்சான்! நிறுத்து!"

இழுத்தால் உலையை நிறுத்தும் அவசரக் கயிற்றை இடது கையால் எட்டி இழுத்தார். தண்டு நின்றது. பல் ஒன்று மாப்பிள்ளையின் முதுகைத் தொட்டபடி நின்றது.

உயிர் போய் உயிர் வந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் நடைமேடையின் கோடியில் கைப்பிடி இறங்கி மறுபடி ஏறும் சத்தம்.

தண்டு சுற்றியது.

மாப்பிள்ளை கத்தினான். பல் இறங்கியது. துணி கிழிந்தது, பிறகு துணி இல்லாதது கிழிந்தது. ஆபரேட்டர் கயிற்றை இழுத்தார். நின்றது. ஏற்றியது. சுற்றியது. எலும்பு மளுக்கென்றது. கயிறு. கைப்பிடி. கயிறு. கைப்பிடி. கடைசி இழுப்பில் கயிறு அறுந்து கையோடு வந்தது.

"விடாத மச்சான். கைய விடாத. விட்டுடாத..."

கையை விடாவிட்டால் சுவிட்சடியில் நிற்பதை நிறுத்த ஆளில்லை. தங்கை முகம் கண்முன் வந்து போனது.

விட்டார்.

மாப்பிள்ளையின் பிடி விடவில்லை. தன் கையை உருவியபோது அவனுடைய கையுறை மட்டும் கழன்று வந்தது. ஆபரேட்டர் அலறிக்கொண்டே ஓடினார். வழியில் கிடந்த பெரிய ஸ்பானரைத் தூக்கினார். சுவிட்சடியில் நின்ற உருவத்தின் தலையில் போட்டார். தலை உடைந்தது. உள்ளே நெருப்பு. இன்னொரு அடி. தோள் சரிந்தது. இன்னொன்று. இன்னொன்று. வெறி பிடித்தவர் மாதிரி அடித்தார். அது தடுக்கவில்லை. கைப்பிடியையும் விடவில்லை. கடைசி அடியில் மொத்தமாக வெடித்து, சுடுதூளாக அவர் முகத்தில் கொட்டியது. வாய்க்குள். தொண்டைக்குள். அப்போது அது விட்ட மூச்சு, எரிச்சல் அல்ல, கோபம் அல்ல. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவனின் பெருமூச்சு.

கைப்பிடியைக் கீழே இழுத்தார். உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

நிசப்தம்.

பார்வைக் கதவுக்குத் தவழ்ந்து போனார். உள்ளே டார்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தரையில் அகலமாக ஈரமான ஓர் உழவுச் சால். கீழ்த்தளத்துக்குத் தூள் விழும் ஓட்டை வரைக்கும் போயிருந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. கூப்பிட வாய் திறந்தார். தொண்டை வெந்திருந்தது. காற்று மட்டும் வந்தது.

படியில் பூட்ஸ் சத்தம். ஃபோர்மன் ஏப்பம் விட்டபடி ஏறி வந்து, நேராகச் சுவிட்சிடம் போய் நின்றார். பார்வைக் கதவடியில், சுவிட்சுப் பேனலின் மறைவில் விழுந்து கிடந்த ஆபரேட்டரை அவர் பார்க்கவில்லை.

"என்ன இது, மாப்ள இன்னும் உள்ளதான் இருக்கானா?"

மாப்பிள்ளையின் இடுப்பில் இருந்த நீலப் பூட்டு இப்போது கைப்பிடியில் தொங்கியது. வர்ணம் கொப்பளித்திருந்தது.

டக். டக்டக்.

"அட, தட்டுறான் பாரு! சோறு தண்ணி வேணாமா இவனுக்கு?"

"வாங்க சார்," என்றது இரும்புக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல். அதே குரல். "கால் மாட்டிக்கிச்சு. ஒரு கை குடுங்க. பூட்டு போட்டாச்சு, பயப்படாதீங்க."

"இரு இரு, வர்றேன்." ஃபோர்மன் தன் பூட்டை இடுப்பிலிருந்து எடுத்தார். தொங்குகிற நீலப் பூட்டைப் பார்த்தார். சலித்துக்கொண்டு தன்னுடையதை மறுபடி இடுப்பிலேயே மாட்டினார். முனகியபடி துளைக்குள் தலையைக் கொடுத்தார்.

ஆபரேட்டர் கத்தினார். சத்தம் வரவில்லை. எழுந்தார். விழுந்தார். வெந்த கைகளால் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து, உடம்பின் மொத்தக் கனத்தோடும் அதில் தொங்கினார். ஃபோர்மனின் பூட்ஸ் உள்ளே மறைந்தது.

பையில் போன் அதிர்ந்தது. தங்கை.

அவர் விரல்களுக்கு அடியில் நீலப் பூட்டு தானாகத் திறந்தது.

முதுகுக்குப் பின்னால் கந்தக வாடை. கையுறை இல்லாத ஒரு வலது கை, சாம்பலும் ரத்தமுமாக, அவர் கைகளின் மேல் மெல்லப் படிந்தது. ஆசையாக. இறுக்கமாக.

"கைய விடு மச்சான்," என்றான் மாப்பிள்ளை, காதோரம். "சாயங்காலம் ஸ்கேனுக்குப் போகணும்."

கைப்பிடி மேலே ஏறத் தொடங்கியது.