நகராத சூடு

எழிலரசி ஊருக்குப் போய் ஐந்து நாளாகியும் மெத்தையில் அவள் இடுப்பு கிடந்த இடம் சூடாகவே இருந்தது.

இருங்காட்டுக்கோட்டை கம்பெனி விடுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிஃப்ட் எழிலரசி இரவில் படுப்பாள். இரவு ஷிஃப்ட் முடித்து வரும் முத்துச்செல்வி பகலில். மற்றவளின் வியர்வையும் தேங்காயெண்ணெயும் ஊறிய பஞ்சில் முகம் புதைத்துத் தூங்க அவள் பழகியிருந்தாள். ஆனால் இந்த நாற்றம் புதிது. புளித்த மாவும் பழைய சீழும் கலந்ததுபோல், மூச்சை அடக்கினாலும் நாக்கில் வந்து படிந்தது.

ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். அஞ்சல்வழிப் பட்டத்துக்காக எரிமலைத் தீவுத்தொடர் ஒன்றை வரைபடத்தில் அளந்து எழுத வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தீவுகள் ஒரே வரிசையில் கிடந்தன. பழையவை தேய்ந்து, கடலுக்குள் அமிழ்ந்திருந்தன. புதியவை உப்பி நின்றன. அடியில் இருக்கும் நெருப்பு நகர்வதில்லை, மேலே தரைதான் நகர்கிறது என்றது பாடம்.

அவள் கை தானாக முதுகுக்குப் போனது.

கொப்புளங்கள் தெரிந்தால் கான்ட்ராக்டர் வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று மறைத்துவைத்திருந்தாள். காலையில் குளியலறையில் பார்த்துவிட்டது சமையல்காரக் கோவிந்தம்மா மட்டும்.

"இன்னா முத்து, முதுகுல புள்ளி வச்சிக்கினு கீற, கோலம் போடப் போறியா?"

"சூட்டுக் கொப்புளம்க்கா."

"எழிலுக்கும் இப்டித்தான். இடுப்புல ஆரம்பிச்சி கழுத்தாண்ட வந்துச்சி. அப்பால ஆளையே காணோம். ஊருக்குப் போயிட்டா போல."

இப்போது விரலால் எண்ணினாள். இடுப்பில் இருந்தது வற்றிக் குழிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்று, பாதி அமிழ்ந்து. நடுமுதுகில் ஒன்று. தோளில் ஒன்று, உப்பி, கசிந்து, துடித்துக்கொண்டு. சூட்டை அருவருத்துத் தினமும் ஒரு சாண் கால்மாட்டுப் பக்கம் தள்ளிப் படுத்தது அவள்தான். சூடு நகரவில்லை.

அடுத்தது கழுத்து.

படத்தைப் பெரிதாக்கினாள். வரிசையின் கடைசியில், நீருக்கடியில், கறுப்பாக ஒரு மேடு. இன்னும் வெளியே வராத தீவு.

குனிந்தாள். கட்டிலுக்கடியில் எழிலரசியின் செருப்பு. ஜோடியாக.

மெத்தை உப்பியது. அமிழ்ந்தது. மறுபடி உப்பியது.

உறையின் தையல் விட்டது. மஞ்சளாக ஏதோ கசிந்தது. வெதுவெதுப்பாகத் தொடையில் பட்டது.

பஞ்சை விலக்கிக்கொண்டு மேலே வந்தது ஓர் உச்சந்தலை. ஈரம். நேராக எடுத்த வகிடு. அதன் ஓரத்தில், எழிலரசியின் நீலக் கிளிப்.