கோடு போட்ட மூலை

"மூணு மாசமா தேடிக் கண்டுபிடிச்சது, மேடம். காணோம்!"

ரக்ஷனா மூச்சிரைக்க வந்து நின்றதும், பல்கலைக்கழகப் பாதுகாப்பு அதிகாரி யோகம் பால் கலக்காத கோப்பி-ஓவை ஓரமாக வைத்தார்.

காணாமற்போனது கிராஃபீன். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை டேப்பால் உரித்து உரித்து, கடைசியில் ஒரே ஓர் அணுவின் தடிமனில் மிஞ்சும் ஏடு. 'எழுது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்தான் கிராஃபைட். நோயை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் கருவியை அந்த ஏட்டில் செய்துவிடலாம் என்று ரக்ஷனா தவம் கிடந்தாள்.

"அது ஒட்டியிருந்த சிலிக்கான் சில்லு பெட்டியிலதான் இருக்கு. குறிச்சு வச்ச இடத்துல ஒண்ணுமே இல்ல. சுஜீந்திரன்தான் சில்ல மாத்திட்டான்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்."

சுஜீந்திரன் பூன் லே வட்டாரத்தில் அவளோடு ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்தவன். இன்று அதே ஆய்வில் போட்டியாளன்.

"அவர்தான் லா," என்று தீர்ப்பே எழுதிவிட்டான் யோகத்தின் உதவியாளன் பிரேம்.

ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த நாற்காலியில் யோகம் உட்கார்ந்தார். நல்ல உயரமான அவருக்கே கால் தரையில் எட்டவில்லை.

"காலையில இதுலயா உட்காந்தீங்க?"

"இல்ல மேடம். லைட் ஏற்கெனவே எரிஞ்சுது. பதற்றத்துல நின்னுக்கிட்டே பாத்தேன்."

ஆறடி சுஜீந்திரன் சுவரோரம் முகம் வாடி நின்றான். துப்புரவு செய்யும் குள்ளமான கண்மணி, துடைப்பத்தை இறுகப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

யோகம் பெட்டியைத் திறந்து பார்த்தார். "சில்லோட மூலையில எதுக்குக் கீறல்?"

"திசை தெரியத்தான். கீறல் இடது மேல இருக்கிற மாதிரிதான் எப்பவும் பெட்டியில வைப்போம். அங்கிருந்துதான் இடத்த அளப்போம்."

"இப்ப எங்க இருக்கு?"

வலது கீழே! பழக்கதோஷத்தில் ரக்ஷனா கவனிக்கவே இல்லை. சில்லைத் திருப்பி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். ஊதாப் பரப்பில் மங்கலாக அந்த ஏடு அப்படியே இருந்தது.

"அப்ப திருப்பி வச்சது யாரு?" என்றான் பிரேம்.

"ஆராய்ச்சி பண்றவங்க யாரும் இப்படி வைக்க மாட்டாங்க. ஆறடி ஆளுக்கு நாற்காலிய இவ்வளவு ஏத்தவும் வேண்டியதில்ல. உயரம் குறைஞ்சவங்க, லைட்ட அணைக்கத் தெரியாதவங்க." யோகம் மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க, கண்மணி."

கண்மணி ஓரடி உள்ளே வந்தார். "தினமும் இந்த டேப்பத்தான் அள்ளிக் கொட்டுறேன். அப்படி என்னதான் தேடுறாங்கன்னு நேத்து ஒரு தடவ பாத்தேன்மா. ஒண்ணுமே தெரியல. வேலய விட்டுத் தூக்கிடாதீங்க."

"யாரும் தூக்க மாட்டாங்க," என்றார் யோகம்.

ரக்ஷனாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிடுடா," என்றாள் சுஜீந்திரனிடம்.

அவன் கண்மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உட்காருங்கக்கா. கண்டுபிடிச்சவ இவதான். இவளே காட்டட்டும்."

ரக்ஷனா குனிந்தாள். கண்ணீரில் அவளுக்கே ஒன்றும் தெரியவில்லை. சுஜீந்திரன்தான் லென்ஸைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.