மூணாம் நம்பர் இழைப்புளி

எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேள்வி கேட்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் 'துருவி' என்று பெயர். அவளுடைய அம்மா தச்சு வேலை செய்பவர். வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை.

மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். இரவெல்லாம் மருத்துவமனையில் வேலை, பகலில்தான் தூக்கம். அம்மா மெஷினால் மரம் இழைத்தால் வீடே அதிரும். நர்ஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் சிவந்த கண்களோடு அவர் படியிறங்கி வருவதை அம்மா பார்த்துவிட்டார். அன்றே மெஷினை மூடி வைத்துவிட்டு, பழைய சாமான் கடையிலிருந்து ஓர் இரும்பு இழைப்புளி வாங்கி வந்தார். கையால் தள்ளித் தள்ளி மரத்தைச் சீவும் கருவி அது. அதிகம் சத்தம் போடாது.

ஒரே ஒரு குறை. அதில் பிளேடு இல்லை.

அம்மா புது பிளேடு வாங்கி வந்தார். உள்ளே நுழைய மாட்டேன் என்று அது அடம்பிடித்தது.

"பார்த்ததும் நாலாம் நம்பர் அளவுன்னு நினைச்சேன். இல்ல போலிருக்கு. சனிக்கிழமை கதவைக் கொடுக்கணும், மறுபடி மெஷினைத்தான் எடுக்கணும்" என்றார் அம்மா.

"நம்பர் எங்கேம்மா இருக்கும்?"

"இதோ, முன்பக்கப் பிடிக்குப் பின்னால. தேஞ்சு போச்சு, ஒண்ணும் தெரியல."

துருவி மெல்லிய காகிதம் ஒன்றை அந்த இடத்தில் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். முதலில் வெறும் கறுப்பு. அப்புறம் ஒரு வளைவு. அதன் கீழே இன்னொரு வளைவு.

"மூணா, எட்டாம்மா?"

"எட்டாம் நம்பர் உன் கை நீளத்துக்கு இருக்கும். இது குட்டி. மூணுதான்" என்று சிரித்தார் அம்மா.

பிளேடு உட்காரும் இடத்துக்குச் சரியாக ஓர் அட்டையைத் துருவி வெட்டினாள். நடுவில் இருக்க வேண்டிய நீளத் துளையையும் வெட்டினாள். பொருந்தாத பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மா அதை வாங்கிய தெருமுனை இரும்புக் கடைக்கு ஓடினாள்.

"மூணாம் நம்பரா? இப்பல்லாம் வர்றதில்ல பாப்பா" என்றார் கடைக்கார அண்ணன். "ஒரு டப்பா நிறைய பழசு கிடக்கு. எதுலயும் நம்பர் இருக்காது. அந்த சார் மூணு நாளா தேடிட்டிருக்காரு."

தரையில் ஒரு நெட்டை மனிதர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். படங்களுக்குச் சட்டம் போடுபவர். மூக்கு நுனியில்கூடத் துரு.

"உங்களுக்கு எந்த நம்பர் வேணும் மாமா?"

"நாலு. புதுசு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சாம். அதையும் ஒரு அம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்."

துருவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது எங்க அம்மாதான்" என்று பையிலிருந்த பிளேடை எடுத்து நீட்டினாள்.

அவர் பக்கத்தில் வைத்திருந்த தன் இழைப்புளியில் அதை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. உடனே கிளம்பிவிடுவார் என்று துருவி நினைத்தாள். அவரோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அட்டையை இப்படிக் கொடு. உன்னுது கிடைக்காம நான் எப்படிப் போறது?"

ஒவ்வொரு பிளேடாக அட்டையின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று அகலம். ஒன்று ஒல்லி. ஒன்று ரொம்பத் தடி. ஒன்றின் அடியிலிருந்து சிலந்தி ஒன்று கோபமாக வெளியேறியது. டப்பாவின் அடியில் கிடந்த பிளேடு அட்டையோடு ஓரம் பிசகாமல் பொருந்தியது. துளைகூட அதே இடத்தில்.

"புதுசைக் கொடுத்துட்டே, பழசை எடுத்துக்கோ, கணக்கு சரியாப் போச்சு" என்று கடைக்கார அண்ணன் அதைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா பிளேடைக் கல்லில் தீட்டி மாட்டினார். பலகைமேல் வைத்துத் தள்ளினார். 'சர்ர்ர்' என்று மெல்லிய ஓசை. காகிதம் போல ஒரு மரச்சுருள் எழும்பி விழுந்தது.

"நீ தள்ளுறியா?"

முதல் தடவை இழைப்புளி பாதியில் நின்றது. அம்மா பிளேடை ஏற்றி இறக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பினார். அடுத்த தடவை சுருள் துருவியின் விரலைச் சுற்றிக்கொண்டது.

"கதவு சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடுமாம்மா?"

"முடிச்சிடலாம். முதல்ல அதை எங்கிட்ட கொடு."

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள் துருவி.

அவள் அப்படிச் சொன்னது அதோடு ஏழாவது தடவை.