முதுகில் கிழிந்த சட்டை

பிரான்சுப் போர்முனையிலிருந்து கேப்டன் லாக்லன் மக்ரேயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பட்டாளச் சட்டை மட்டும்தான். உடலை அங்கேயே புதைத்துவிட்டார்களாம். கொண்டுவந்தவன் டூகல், கேப்டனுக்குப் பணிவிடை செய்த சிப்பாய். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா இஷ்பெல், வந்தவனை உட்காரக்கூடச் சொல்லாமல் மூட்டையைப் பிரித்தாள்.

சட்டையின் முதுகில் ஒரு கிழிசல். நெஞ்சில் ஒன்றுமே இல்லை.

முதுகில் காயம் பட்டவனை ஊர் என்ன சொல்லும்? பயந்து ஓடினான் என்று சொல்லும். அந்தப் பேச்சைத்தான் அவளால் தாங்க முடியாது.

"ஓடினானா?"

"இல்லம்மா. ஜெர்மன்காரன் பின்பக்கமா வந்துட்டான்." சொல்லும்போது டூகல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மலைநாட்டில் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பிணத்தைத் தொடாமல் போகக்கூடாது. கொன்றவன் கை பட்டால் செத்த உடம்பும் ரத்தம் விடும் என்பார்கள். உடம்புதான் இல்லையே! இஷ்பெல் சட்டையை மேசைமேல் மல்லாக்கப் போட்டு, செத்தவர் எழாமலிருக்க நெஞ்சின்மேல் ஒரு தட்டு உப்பு வைத்தாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்புப் புகையையும் மீறி ஈரமண் வாடை அடித்தது.

துக்கம் கேட்க வந்திருந்த பக்கத்துப் பண்ணை ஹேமிஷ் முதலில் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை.

"நீயும் தொடுப்பா. இனிமே பூட்ஸைத் துடைடான்னு உன்னை விரட்ட மாட்டாரு," என்றார்.

டூகல் கதவைப் பார்த்தான். இஷ்பெல் அதன் குறுக்கே போய் நின்றாள்.

"தொடு."

அவன் விரல் நுனியால் தொட்டான்.

உப்பு சிவந்தது.

முதலில் ஓரத்தில். பிறகு தட்டு முழுவதும்.

கையை இழுத்தான். வரவில்லை. வெறும் சட்டைக் கை மெல்ல மடங்கி அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் மூவருக்கும் கேட்டது. ஹேமிஷ் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தும் பிடி தளரவில்லை.

"சொல்லிடறேன்! விடச் சொல்லுங்கம்மா!" டூகல் அலறினான். "நான்தான் குத்தினேன்! என் தம்பி நீல், பச்சப்புள்ளம்மா... பதுங்குகுழியை விட்டு ஏறிச் சண்டைக்குப் போக மாட்டேன்னு அழுதான். உங்க தம்பி அவன் வாயில துப்பாக்கிய வெச்சுச் சுட்டாரு. என் கண்ணு முன்னாடி! மறுநாள் சண்டைல இவரு முதுகுல துப்பாக்கி முனைக் கத்தியச் சொருகிட்டேன். திரும்பிப் பாத்து என் பேரச் சொல்லிக் கத்தப் பாத்தாரு. அங்கத்த வெள்ளை மண்ண அள்ளி வாயில..."



அவன் வாயிலிருந்து மண் வழிந்தது. வெள்ளை மண். இஷ்பெலின் ஊர் மண்ணோ கன்னங்கரேலென்று இருக்கும். ஹேமிஷ் விரலை விட்டுத் தோண்டத் தோண்ட, உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. கண்கள் பிதுங்கின. கால்கள் மேசையை உதைத்து உதைத்து அடங்கின.

சட்டைக் கை தளர்ந்து விழுந்தது.

ஹேமிஷ் பாதிரியாரை அழைத்துவர மழையில் ஓடினார். இஷ்பெல் அசையாமல் நின்றாள். தம்பி ஓடவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இப்படியா?

இழுபறியில் டூகலின் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டாளத் தொப்பி மேசைமேல் விழுந்து கிடந்தது. உள்ளே நீல் என்று தைத்திருந்தது. லாக்லனின் சட்டைக் கை அதன்மேல் கிடந்தது.

தொப்பியிலிருந்து ரத்தம் கசிந்தது.

அவள் சட்டைக் கையை விலக்கினாள். ரத்தம் நின்றது. மனசு கேட்காமல் மறுபடி தொப்பியின்மேல் வைத்துப் பார்த்தாள். குபுக்கென்று பொங்கி மேசை விளிம்பில் சொட்டியது.

"அய்யோ பாவி! அழுத பிள்ளையையா சுட்டே?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

பிறகு கிட்டே குனிந்து கிசுகிசுத்தாள். "ஒன்னும் பேசாம படுத்துக்கடா தம்பி. எந்திரிக்காத. அக்கா கெஞ்சிக் கேக்கறேன்."

ஜாடியிலிருந்து புது உப்பை அள்ளித் தட்டில் கொட்டி, அதை இரண்டு கைகளாலும் சட்டையின்மேல் அழுத்திப் பிடித்தாள்.

அவள் கைகளுக்கு அடியில் தட்டு மெல்ல எழும்பியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது.