சுக்குவின் எண்பத்து மூன்று

நான்காவது மருத்துவமனையிலும் சுக்குவுக்கு எண்பத்து மூன்றுதான் வந்தது.

நோவுமானியின் திரையில் அந்த எண் சிவப்பாக நின்றது. சுக்கு என்ற அந்த நாயின் தலையில் மாட்டியிருந்த கம்பிவலைத் தொப்பியைக் கழற்றியபடி, அங்கிருந்த இளம் மருத்துவர் மற்ற மூன்று பேரும் சொன்னதையே தாரணியிடம் சொன்னார்.

"மேடம், நீங்க எங்க போனாலும் இதேதான் வரும். எல்லா எடத்துலயும் ஒரே மெஷின்தானுங்களே."

"நல்லா சாப்பிடுதுங்க. கால்ல இருந்த புண்ணும் ஆறிடுச்சு. அதுக்கு எங்க வலிக்குதுன்னாவது சொல்லுங்க."

"எங்கன்னு மெஷின் சொல்லாது. எவ்வளவுன்னுதான் சொல்லும்."

நோவுமானி வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு வாயில்லா ஜீவன்களின் வலியை மருத்துவர்கள் குத்துமதிப்பாகத்தான் சொல்லிவந்தார்கள். இந்தக் கருவி மூளையில் வலி தெரியும் இடத்தை நேரடியாகப் படித்து, பூச்சியத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். எழுபதைத் தாண்டினால் முப்பது நாள் அவகாசம். அதன்பின் நல்லுறக்க வண்டி வாசலுக்கு வரும். ஓர் ஊசி, உயிரோடு நோவும் தீர்ந்தது. மனிதன் இயற்றியதிலேயே கருணை மிகுந்த சட்டம் இதுதான் என்று பள்ளிப் பாடத்தில் இருந்தது. முப்பது நாளுக்குள் வேறொரு மருத்துவர் 'இரண்டாம் கருத்து' தரலாம் என்று படிவத்தில் ஒரு கட்டமும் இருந்தது. அதை நிரப்பியவர் யாரும் இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பழமொழி சொல்லும் ஊர்தான்; ஆனாலும் நோவுமானிக்குச் சறுக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாரணிக்கு ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் ஓர் அடுக்ககத்தின் இருபத்தேழாவது மாடியில் தனியாக இருந்தாள். பாதியில் நின்றுபோன லிஃப்டுகளுக்குள் சிக்கியவர்களிடம் "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க" என்று வீட்டிலிருந்தபடியே பேசுவது அவளுடைய வேலை. லிஃப்டுகள் இப்போதெல்லாம் நிற்பதே இல்லை. கடைசியாக ஒரு மனிதக்குரல் அவளை அழைத்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கணவன் முகிலன் இறந்து நான்கு ஆண்டுகள். முதல் வருடம் விசாரித்தவர்கள் இரண்டாம் வருடம் வாழ்த்துப்படம் அனுப்பினார்கள். மூன்றாம் வருடம் அதுவும் நின்றது. அவள் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் தனிமை அவளை வாட்டியது, அதைச் சொல்லக்கூட ஆளில்லாமல்.

சுக்கு ஐந்து மாதத்துக்கு முன் மூடிக்கிடந்த ஒரு நூற்பாலைக்குள் கிடைத்தது. பின்னங்காலில் கட்டுக்கம்பி இறுகிச் சதைக்குள் போயிருந்தது. சுக்கு நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். கம்பியை வெட்டி எடுத்த அன்று அது அவள் மணிக்கட்டை நக்கியது. அதன்பிறகு அவள் எந்த அறைக்குப் போனாலும் அதுவும் போனது. அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவகாசத்தில் இருபதாம் நாள், மருத்துவர் பதிவேட்டில் நோவுமானிக்கு முன்பிருந்தே வைத்தியம் பார்ப்பவர் யார் என்று தேடிப் பிடித்து, பொள்ளாச்சிச் சந்தைக்குப் பின்னால் இருந்த டாக்டர் நந்தகுமாரிடம் சுக்குவை அழைத்துப்போனாள். அவருக்கு எழுபத்தெட்டு வயது. வாழ்நாளெல்லாம் மாடு பார்த்தவர். மாடுகள் குறைந்தபின் வந்ததைப் பார்க்கிறார்.

அவர் முதலில் கருவியைத் தொடவே இல்லை. சுக்குவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விரலால் தட்டிக்கொண்டே போய், வாலை இழுத்துப் பார்த்தார். சுக்கு கொட்டாவி விட்டது.

"அம்மிணி, எதுத்தாப்புல கடை இருக்குது. போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"நான் கூட இருக்கணும்ங்களே? வளர்க்கறவங்க தலைமேல கை வெச்சிருந்தாத்தான் அளக்கணும்னு விதி இருக்குது."

அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. தொடக்க காலத்தில் பயந்துபோன நாய்களுக்கு எண் கூடுதலாகக் காட்டியது. அதனால் வளர்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்து, நாய் அமைதியான பிறகே அளக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எல்லா மருத்துவமனையிலும் அதற்கென்றே ஒரு முக்காலி உண்டு.

"அது நாய் டாக்டருங்களுக்கு. நான் மாட்டு டாக்டர். கட்டுத்தறியில ஆளு அழுதுட்டு நின்னா மாடு உதைக்கும். அதனால மொதல்ல வீட்டுக்காரங்கள டீக்கு அனுப்பிருவேன். அம்பது வருசப் பழக்கம், விதிக்காவ மாத்த முடியாது."

அவள் போனாள். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். திரும்பி வந்தபோது திரையில் பத்தொன்பது என்று பச்சையாக இருந்தது.

"உங்க மெஷின் ரிப்பேருங்களா?" என்றாள்.

"உக்காருங்க. கை வைங்க."

வைத்தாள். எண் ஏறியது. நாற்பது, அறுபத்தைந்து, எண்பது. எண்பத்து மூன்றில் நின்றது.

"எடுங்க. எந்திரிச்சு வெளிய போங்க."

கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியே பார்த்தாள். எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சுக்கு கதவைப் பார்த்து வாலை ஆட்டியது.

நந்தகுமார் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு நேராகவே சொன்னார்.

"நமக்கு வலிச்சாலும், நமக்குப் பிரியமானவங்க வலியில இருக்கறதப் பாத்தாலும், மண்டைக்குள்ள ஒரே எடந்தான் எரியும். மெஷினுக்கு எரியறது தெரியும். எங்கிருந்து பத்துச்சுன்னு தெரியாது. நாய்க்கு ஒரு நோவும் இல்லைங்க அம்மிணி. அந்த எண்பத்து மூணு உங்களுது."

தாரணி தன் கையைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னால நாய் வெச்சிருந்தீங்களா?"

"ஒன்னு இருந்துதுங்க. அவரு வாங்குனது. அவரு போன அடுத்த வருசம் அதுக்கு எழுபத்தெட்டு வந்துச்சு." அவள் அந்தக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஊசி போடறப்பவும் தலைமேல கை வெச்சிருந்தேன்."

இந்தப் பன்னிரண்டு ஆண்டில் அந்த வண்டி எத்தனை வாசலில் நின்றிருக்கும் என்று பெரியவர் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். துக்கம் நடந்த வீடுகளில் நாய்க்கும் எண் ஏறும்; நாயும் போகும்; வீட்டில் மிஞ்சியவருக்கு இன்னும் ஏறும். தாரணி அழுதாள். அவர் சுக்குவை முன்னெச்சரிக்கையாக அடுத்த அறையில் கட்டிவிட்டு வந்தார்.

"இதுக்கு மருந்து இல்லைங்களா, டாக்டர்?"

"இருக்கலாம். நான் மாட்டு டாக்டருங்க."

பத்தொன்பதைப் படிவத்தில் எழுத முடியாது. கை வைத்தவர் யார் என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் படிவம் போகாது. ஆனால் வளர்ப்பவரேதான் கை வைக்க வேண்டும் என்றில்லை, நாய் நம்பும் எவரும் வைக்கலாம். "ஒரு வாரத்துல யாரயாச்சும் பழக்கிக் கூட்டிட்டு வாங்க. நல்லா சந்தோசமா இருக்கற ஆளா இருக்கோணும்" என்றார் நந்தகுமார்.

வீடு திரும்பும் வழியில் தாரணி தன் தொலைபேசியிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நாய்க்குக் கை வைக்க வருவீர்களா என்று கேட்கக்கூடிய ஒரு பெயர் அதில் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மௌலீஸ்வரனின் ஞாபகம் வந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருடத்தில் அவரோடு பேசியதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அவர் தொலைபேசியில் பேசிச் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவள் எத்தனையோ நாள் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"கை வெச்சா என்னோட எண்ணு தெரிஞ்சுருமாங்க்கா?"

"உங்களுக்கென்ன தம்பி, பத்துக்குக் கீழதான் வரும்."

அவர் சிரித்தார், சரி என்றார். ஆறு நாளும் வந்தார். சுக்குவுக்கு ஆட்டு ஈரல் வேகவைத்துக் கொண்டுவந்தார். சுக்கு அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓட, அவர் துரத்த, அந்த வீட்டில் நான்கு வருடத்துக்குப் பிறகு சத்தம் கேட்டது. ஏழாம் நாள் மூவரும் பொள்ளாச்சிக்குப் போனார்கள். தாரணி தானாகவே டீக்கடைக்குப் போய் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நந்தகுமார் வாசலுக்கு வந்து கையசைத்தார். அவர் முகம் சரியில்லை. உள்ளே மௌலீஸ்வரன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கை சுக்குவின் நெற்றியில் இருந்தது. திரையில் தொண்ணூற்றொன்று.

"மெஷின் தப்பாக் காட்டுதுங்க்கா" என்றார் மௌலீஸ்வரன். சுக்கு அவர் மடியில் தலையை வைத்தது. பிறகு, "போன்ல யாரும் இல்லைங்க்கா" என்றார்.

"என்ன தம்பி?"

"சாயங்காலம் பேசறது. அந்தப் பக்கம் யாரும் இல்லைங்க. வீட்டுல சத்தமே இல்லைன்னா ஒரு மாதிரி இருக்கும். பக்கத்துல இருக்கறவங்களும் ஏதாச்சும் நெனச்சுக்குவாங்கன்னுதான்."

ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று வருடம்.

நந்தகுமார் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "நகருங்க தம்பி, கெழவன் கை வெச்சுப் பாக்கறேன்" என்று உட்கார்ந்தார். எழுபத்தொன்பது வந்தது. "வயசு எழுபத்தெட்டு, எண்ணும் அதேதான்னு நெனச்சேன், ஒன்னு கூட இருக்குது" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. எழுபதுக்குக் கீழே இருந்தது அந்த அறையில் நாய் மட்டும்தான். சட்டமும் நாய்க்கு மட்டும்தான்.

பிறகு அவர் படிவத்தைத் திறந்து, இரண்டாம் கருத்து என்ற கட்டத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினார். மூன்று அளவுகளையும், கை வைத்தவர்கள் பெயர்களையும், கை வைக்காதபோது வந்த பத்தொன்பதையும் சேர்த்து அனுப்பினார். கட்டம் ஏற்காது என்றுதான் நினைத்தார். பெயர்கள் இருந்ததால் ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலை பதில் வந்தது.

'இரண்டாம் கருத்து ஏற்கப்பட்டது. விலங்கு நலமாக உள்ளது. உடனிருக்கும் மனிதரால் அதற்கு நோவு உண்டாகிறது. எனவே எழுபதுக்குக் கீழ் எண் உடைய, வேறு நாய் வளர்க்காத ஒருவரிடம் அது ஒப்படைக்கப்படும். தகுதியானவர் கிடைக்கும்வரை தற்போதைய இடத்திலேயே இருக்கலாம்.'

சுக்கு பிழைத்தது. நல்லுறக்க வண்டிகள் வருவதும் நின்றுபோனது. நாயின் எண்ணில் மனிதர் எண்ணும் கலந்திருக்கிறது என்று அரசே அறிவித்தது. தகுதியானவர்கள் வந்து நாயின் நெற்றியில் கை வைத்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று நகரம் முழுக்க விளம்பரமும் செய்தது. ஒருவரும் வரவில்லை. அதுமட்டுமா, நாயின் எண் என்று நம்பியிருந்தவரை வரிசையில் நின்றவர்கள், அது தங்கள் எண் என்று தெரிந்ததும் மருத்துவமனைப் பக்கமே தலைவைக்கவில்லை. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். இத்தனை பெரிய நகரத்தில் எல்லோர் மடியிலும் கனம் இருந்தது. மௌலீஸ்வரன் இப்போது சிரிப்பதில்லை. தாரணியைக் கண்டால் வெட்கப்பட்டு, இருபத்தேழு மாடியும் படியில் இறங்கிப் போகிறார்.

ஏழு மாதமாகிவிட்டது. தாரணி தினமும் காலையில் எழுந்ததும் பதிவுப் பட்டியலைத் திறந்து பார்ப்பாள். சுழியம் என்று இருந்தால்தான் காபி போடுவாள். தன் பக்கத்தில் இருப்பதே சுக்குவுக்கு வலி என்று அவளுக்குத் தெரியும். சிரித்துப் பார்த்தாள், பாட்டுக் கேட்டுப் பார்த்தாள். சுக்குவை ஏமாற்ற முடியவில்லை. என்றாலும் அதைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்குள் எப்படித் திரும்பிப் போவாள்?

நேற்று சாயங்காலம் குளக்கரைப் பூங்காவில் ஒரு பெண் எதிரே வந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். சுக்குவைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் அதன் காதைப் பிடித்துக்கொண்டாள். அது அவள் மூக்கை நக்க, வாய்விட்டுச் சிரித்தாள். சுக்குவின் வால் அப்படி ஆடி தாரணி பார்த்ததே இல்லை. இடுப்போடு சேர்ந்து ஆடியது.

"எவ்வளவு அழகா இருக்குதுங்க்கா. எனக்கு நாய்னா உசுரு. அந்தப் பதிவு இருக்குதில்லைங்களா, பண்ணலாம்னு ரெண்டு தடவ கௌம்பிட்டேன்."

தாரணி கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "அப்புறம் ஏன் பண்ணலை?"

"பயமாத்தான் இருந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கறேன்னு நெனச்சுட்டிருக்கறேன். கை வெச்சு எம்பது, தொண்ணூறுன்னு வந்துட்டா?" என்று மறுபடி சிரித்தாள். "அப்படியெல்லாம் வருமாங்க்கா?"

வராது, உனக்கு வரவே வராது என்று தாரணிக்கு நன்றாகத் தெரிந்தது. சுக்குவைப் பார்த்தாலே தெரிந்தது, கருவியே தேவையில்லை.

"வந்தாலும் வரும், கண்ணு" என்றாள். "நம்ம மனசுல என்ன இருக்குதுன்னு நமக்கே தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி எப்பவும் சிரிச்சுட்டேதான் இருந்துச்சு. தொண்ணூத்தொன்னு."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அவள் எதையோ யோசிக்கத் தொடங்கினாள். கை மட்டும் சுக்குவின் தலைமேல் இருந்தது. சுக்கு அவளை நிமிர்ந்து பார்த்தது. அதன் வால் ஆடுவது நின்றது.

தாரணி கயிற்றை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.