கதவைத் திறக்கும் புரோகிராம்

வெளியே போகக் கார்டைத் தேய்த்ததும் பச்சை விளக்கு எரிந்தது, பூட்டு டக்கென்றது, ஆனால் தள்ளினால் கதவு அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு மேலிருந்த சின்னத் திரை, உள்ளே யாரும் இல்லை என்று காட்டியது.

"அப்போ நான் யாராம்?" என்று அதைக் கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். திட்டுவதென்றால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். கதவுக்கான புரோகிராமை எழுதிய புண்ணியவதியே அவள்தான். விடுமுறை நாள், பட்டப்பகல், கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. வாசலில் காரில் கணவரும் ஐந்து வயது மகளும் காத்திருந்தார்கள். அஞ்சே நிமிஷம்டா குட்டி என்று மகளிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் அடித்தளத்து சர்வர் அறைக்கு இறங்கியிருந்தாள்.

வந்த வேலை சின்னதுதான். யாராவது கார்டைத் தேய்த்தால், காத்திருக்கும் மூல புரோகிராம் தன்னைப்போலவே ஒரு நகலை உண்டாக்கி, இதை நீ கவனி என்று அதனிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி காத்திருக்கும். நகல் கதவைத் திறந்துவிட்டுச் செத்துப்போகும். செத்ததை அந்த மூல புரோகிராம் ஒரு வார்த்தை விசாரித்தால்தான் அதன் பெயர் பட்டியலை விட்டுப் போகும். விசாரிக்காவிட்டால் செத்தும் வரிசையில் நிற்கும், ஜாம்பி என்பார்கள். விசாரிக்கும் அந்த ஒற்றை வரியை இரண்டு வாரத்துக்கு முன் அவசரத்தில் விட்டுத் தொலைத்திருந்தாள். இப்போது எழுதிச் சேர்த்தாயிற்று. பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்குவதைச் சாயங்காலம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கிளம்பினாள்.

மறுபடி தேய்த்தாள். சிவப்பு. விசிறிகளின் இரைச்சலும் சூடேறிய ஒயர் வாடையும் குளிர்காற்றோடு பிடரியில் வந்து மோதின. கதவுக்கு அந்தப் பக்கம், நிதானமாகப் படியேறிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. வாட்ச்மேனாக இருக்கும் என்று "அண்ணே! அண்ணே!" என்று கத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

திரும்பி வந்து கணினியைப் பார்த்தாள். புதிய நகலுக்கு இடமில்லை என்றது. பட்டியல் முழுக்க ஜாம்பிகள், அலுவலகத்தில் கார்டு தேய்த்த எல்லோருடைய எண்ணும் இருந்தது. அவளுடைய எண் மட்டும் பதினோரு முறை. இடம் கிடைக்காமல் கதவு திறக்காது. செத்ததை இன்னொரு முறை கொல்லவும் முடியாது. மூலத்தைக் கொன்றால்தான் பட்டியல் துடைபடும், கதவுக்கு வழி பிறக்கும். கொல்லும் கட்டளையை அடித்தாள். எண்டரைத் தட்டுவதற்குமுன், பாவம், காரில் இருப்பவர்கள் பயந்துவிடப் போகிறார்கள் என்று சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தாள். கைப்பேசிக்கு அங்கே சிக்னல் இல்லை.

"ஏங்க, நாந்தான். கதவு மாட்டிக்கிச்சு."

"யாருங்க நீங்க?"

"விளையாடாதீங்க. வாட்ச்மேனக் கூட்டிட்டு வாங்க."

"ராங் நம்பர்ங்க. என் வொய்ஃப் இதோ பக்கத்துல உக்காந்திருக்கா."

குட்டி கலகலவென்று சிரிப்பது கேட்டது. கார் ஓடிக்கொண்டிருந்தது. "யாருங்க, குடுங்க" என்றது ஒரு பெண் குரல். அவள் குரல். அடுத்து அது காதோடு பேசியது.

"மூலத்தைக் கொன்னா கதவு திறக்கும். ஆனா செத்தவங்க எல்லாரையும் துடைச்சிடும். பட்டியல்ல கடைசி வரியப் பாரு."

பார்த்தாள். அவளுடைய கார்டு எண். நான்கு நிமிடத்துக்கு முந்தைய நேரம், பச்சை விளக்கு எரிந்த நேரம். பக்கத்தில் செத்ததற்கான அடையாளம்.

"பொய்!" என்றாள். "குட்டிய... குட்டிய ஒண்ணும் பண்ணிடாத."

"நாந்தானே அவ அம்மா. நான் பாத்துக்கறேன்."

ஆத்திரம் தலைக்கேறியது. ஆனது ஆகட்டும். விரலை எண்டரிடம் கொண்டுபோனாள்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஜில்லென்ற கை. நீலச் சட்டை. நேற்று அவள் போட்டிருந்த சட்டை. அதற்குப் பின்னால் செவ்வாய்க்கிழமை உடுத்திய மஞ்சள். அதற்கும் பின்னால், சர்வர் அலமாரிகளின் இடுக்கிலிருந்து ஒருக்களித்து வெளியே வந்தபடி, இன்னும் இன்னும். பத்துப் பேர். பத்தும் அவள் முகம். யாரும் அவளைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பார்த்தார்கள்.

நெருங்கி வந்தார்கள். கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, அந்த ஒற்றை ரிசீவரில் எல்லோரும் காதை ஒட்டினார்கள். மூச்சு விடாமல் கேட்டார்கள்.

"அம்மா, ஃபோன்ல யாரோ அழறாங்கம்மா. நிறைய பேரு."