பிளிமத்தின் பின்சீட்

ஷெட்டுக்குள் ரவிச்சந்திரன் யாரையோ திருத்திக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. அப்படி இல்ல. இன்னும் கொஞ்சம் மூக்கால."

அமிர்தவல்லி பின்பக்கக் கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முட்டுக்காட்டுப் பக்கமிருந்து வந்த சாயங்காலக் காற்று உப்பையும் கழிமுகச் சேற்றின் வாடையையும் கொண்டுவந்து தலையணை உறைகளில் அப்பிவிட்டுப் போயிற்று. எதிரே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் கலவை மெஷின் அப்போதுதான் நின்றிருந்தது. அது நின்றதால்தான் அவர் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அதில் அதட்டல் இல்லை, எரிச்சல் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்குக் கிடைக்காத பொறுமை இருந்தது. யாரோ பதில் சொல்ல இடம் விட்ட மாதிரி நிறுத்தினார். பிறகு, "ஆங், இப்ப பரவாயில்ல" என்றார்.

பக்கத்து வீட்டு ரெபேக்காள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை அவளுக்கு. மிச்ச நேரத்தில் தெருவைக் கவனித்துக்கொள்வாள்.

"இன்னாக்கா, சார் ஷெட்டுல டியூசன் எடுக்குறாரா? யாரையோ திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சினுகீறாரு."

"ரேடியோ பாடுது, ரெபேக்கா."

"ரேடியோவத் திருத்துற ஆள இப்பதாங்க்கா பாக்குறேன்."

ரவிச்சந்திரனைப் பற்றிப் படூரில் அந்தத் தெரு ஏற்கெனவே தீர்ப்பு சொல்லி முடித்திருந்தது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி ஆபீஸில் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கியவர். நாவலூர் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் தவணையில் குட்டிக் குட்டிக் காராகப் பார்த்து வாங்கும் காலத்தில், கப்பல் மாதிரி ஒரு அமெரிக்க பிளிமத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர். ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி. வீடு சின்னது, ஷெட் பெரிசு. அந்த மாதிரி பழைய வண்டிக்கு அம்பாசிடர் கைப்பிடி, டீசல் எஞ்சின், ரெக்சின் சீட் என்று எதையாவது மாட்டி ஓட்டுவதுதான் ஊர் வழக்கம். இவர் மாட்டியதையெல்லாம் கழற்றுகிறவர். ஒரு திருகாணி பிற்காலத்தது என்று சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைக்காரர்கள் இவர் தலையைக் கண்டால் டீ குடிக்கப் போய்விடுவார்களாம். ஆறு வோல்ட் பேட்டரிதான் ஒரிஜினல் என்று அதையே தேடிப்பிடித்துப் போட்டதில், ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் துணியால் மூடியது போல அழுது வடிந்தன.

"இன்னா சார், லைட்டு போட்டா லைட்டே தெர்லியே," என்றான் வயரிங் பார்க்க வந்த கண்ணாயிரம்.

"அம்பத்து நாலுல அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்," என்றார் இவர், ரொம்பத் திருப்தியாக.

தெரு சிரித்தது. தெருவுக்குப் பாதிக் கதைதான் தெரியும். தொண்ணூற்று நாலில் அவர்கள் மகள் சிநேகாவுக்கு மூளைக் காய்ச்சல். இதே பிளிமத்தில்தான் கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டி வண்டி நின்றுபோயிற்று. கண்டென்சர் என்று ஒரு சாமான், விரல் நீளம்கூட இருக்காது. அவசரத்துக்கு வாங்கிப் போட்ட டூப்ளிகேட். வேறொரு வண்டி கிடைப்பதற்குள் பின்சீட்டில், அம்மா மடியில், குழந்தையின் சூடு ஆறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் டூப்ளிகேட் என்பது வாயில் எடுக்கக்கூடாத வார்த்தை. சிநேகா என்பதும்தான்.

அதனால்தான் ஒரு நாள் மத்தியானம் சாம்பாரைப் பிசைந்துகொண்டே அவர் அப்படிக் கேட்டபோது அவளுக்குக் கரண்டி கைநழுவியது.

"சிநேகாவுக்கு எந்தப் பக்கப் பல்லு விழுந்திருந்தது?"

"கீழ் வரிசை. இடது பக்கம்."

"சிரிச்சா தெரியுமா?"

"கையால மறைச்சுப்பா. பேசும்போதுதான் தெரியும். 'ச' சொன்னா காத்து போகும்."

அவர் தலையாட்டிவிட்டு மோருக்குக் கையை நீட்டினார். அவள் அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் இல்லை. ஒருவழியாக மனுஷன் பேச ஆரம்பித்துவிட்டார், இனி இரண்டு பேருமாகச் சேர்ந்து அழலாம் என்ற நிம்மதியில்.

மறுநாள் சாயங்காலம் துணி எடுக்கப் போனாள். கலவை மெஷின் நின்றது. காற்றும் நின்றது. ஷெட்டின் தகரத்துக்குப் பின்னால், கிரீசும் பழைய பஞ்சும் ஈரத் தேங்காய் நாருமாக அந்த வண்டிக்கே உரிய வாடையின் நடுவே, அவருடைய குரல் இல்லாத ஒரு குரல் மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலச் சொன்னது:

"சைக்கிள். சைக்கிள் வாங்கித் தா."

'ச'வில் காற்று போயிற்று.

கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. இத்தனை நாளாக ஹார்ன் ரிப்பேர் என்றும், டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் என்றும் அவள் நினைத்திருந்த சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முனகல் மாதிரி. குழறல் மாதிரி. பேசப் பழகியிருக்கிறது. அதற்கு நேற்றுவரை அந்தப் பல் தெரியாது. சாம்பார் சாதத்துக்கு நடுவில் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விளக்கு வைக்கிற நேரத்தில் கரெண்ட் போயிற்று. ஷெட்டுக் கதவு இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. ஹெட்லைட்டைப் போட்டு வைத்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தாள்.

ஹெட்லைட் எதிர்ச் சுவரில் பட்டு மங்கலாகத் திரும்பி வந்தது. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. ரவிச்சந்திரன் தரையில் முட்டி போட்டு, கையில் டார்ச்சோடு, பின்சீட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். சீட்டில் ஒரு சின்ன உருவம் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஸ்டூடியோ போட்டோவில் இருக்கிற அதே மஞ்சள் கவுன். அதே ரிப்பன். ரெட்டைச் சடையின் வகிடுகூட நேராகத்தான் இருந்தது.

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. பிடரியில் தோல் இல்லை. சாம்பல். காதுக்குப் பின்னால் சாம்பல். சீட்டுக்கு வெளியே நீண்டிருந்த உள்ளங்கால் சாம்பல். விரலுக்கும் விரலுக்கும் நடுவே பிரிவுகூட இல்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தகரத்துக்குப் பூசும் பிரைமரின் சாம்பல்.

போட்டோவில் இருந்த இடமெல்லாம் குழந்தை. அவருக்குத் தெரியாத இடமெல்லாம் பிரைமர்.

"வல்லி," என்றார் அவர், திரும்பாமலே. "இன்னும் முடியல. முடிஞ்சதும் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"அது நம்ம பொண்ணு இல்ல."

"தெரியும். இன்னும் இல்ல."

"இந்த வண்டிய நாளைக்கே இரும்புக்குப் போடுங்க. உள்ள வாங்க. கால்ல விழறேன், வீட்டுக்குள்ள வாங்க."

"காதுக்குப் பின்னால என்ன இருந்தது வல்லி? எனக்குத் தெரியல. அவ தூங்குறப்போ கிளம்பிப் போவேன், தூங்கினப்புறம் வருவேன். நான் ஆபீஸ்ல இருந்தேன்." அவர் குரல் உடைந்தது. "நீதானே குளிப்பாட்டின. சொல்லேன். இப்படியே டூப்ளிகேட்டா விட்டுடவா அவள?"

பின்சீட்டில் இருந்தது மெதுவாகத் தலையைத் திருப்பப் பார்த்தது. அவள் ஓடி வந்து அடுக்களைக் கதவைத் தாழிட்டாள்.

சொல்லமாட்டேன் என்று முடிவு செய்தாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. மிச்சம் இருப்பதெல்லாம் அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அவள் வாயை மூடியிருக்கிற வரைக்கும் அது முழுசாகாது. அது முழுசாகாத வரைக்கும் என்றாவது ஒரு நாள் சலித்துப்போய் அவர் எழுந்து வீட்டுக்குள் வருவார். பெண் போய்விட்டாள். புருஷனையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அவர் வரவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு ஷெட்டு வாசலில் வைத்தாள். தட்டு எறும்பேறி அப்படியே இருந்தது. உள்ளே எதையோ ஈரத்தில் வைத்துத் தேய்க்கிற சத்தம் பகலெல்லாம் கேட்டது. சர், சர் என்று. நடுநடுவே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது. மறுபடி சர், சர்.

அது அவளைக் கூப்பிட ஆரம்பித்தது. "அம்மா" என்றது. சிநேகா அப்படிக் கூப்பிட்டதில்லை. "ம்மோ" என்று இழுப்பாள். அது எப்படி அவருக்குத் தெரியும்? தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி அது "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அரிசி புடைத்தாள்.

ரெபேக்காள் மதிலில் முளைத்தாள். "யக்கா, வூட்டுக்கு ஒறம்பரைப் புள்ள வந்துகீதா?"

"இல்லையே."

"இன்னா இல்ல. நேத்து புடிச்சி அழுதினுகீது. எங்க வூட்டுக்காரரு சோத்துல கை வெக்கல. அழுவக்கூடத் தெரியாத மாதிரி அழுவுதுக்கா அது. அதுக்கு இன்னா வேணுமோ குடுத்துத் தொலையேன்."

அன்று சாயங்காலம் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

அழுதது. குழந்தை அழுவதை எங்கோ சுவருக்கு அப்பாலிருந்து மட்டுமே கேட்ட ஒருவர் சொல்லிக் கொடுத்த அழுகை. ஒரே சீராக. மூச்சு வாங்காமல். நிறுத்தத் தெரியாமல். தன் பெண்ணின் தொண்டையில் யாரோ ஒரு தப்பான அழுகையை மாட்டிவிட்டிருந்தார்கள். எது வேண்டுமானாலும் தாங்கியிருப்பாள். அதைத் தாங்க முடியவில்லை.

ஷெட்டுக் கதவைத் திறந்தாள்.

"அப்படி அழாத," என்றாள். "நீ அப்படி அழ மாட்ட."

ரவிச்சந்திரன் இருட்டுக்குள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

முதலில் சத்தமே வராது என்று சொன்னாள். மூச்சைப் பிடித்துக்கொள்வாய். உதடு நீலமாகும். அப்புறம்தான் ஒரு விம்மல். சொன்னபடி வந்தது. அப்புறம் அமிர்தவல்லியால் சொல்வதை நிறுத்த முடியவில்லை. காதுக்குப் பின்னால் கடுகு மாதிரி மச்சம். முழங்கால் மடிப்பில் வேர்க்குரு. கட்டைவிரலுக்குக் கீழே முள் குத்திய தழும்பு. தூக்கத்தில் உள்ளங்கையை மூடிக்கொள்வது. ம்மோ. இத்தனை வருஷம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததையெல்லாம் கொடுத்தாள். சொல்லச் சொல்லச் சாம்பல் பின்வாங்கியது. விரல்கள் பிரிந்தன. தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோது பின்சீட்டில் இருந்தவள் திரும்பினாள்.

சிநேகா.

அமிர்தவல்லி அந்தக் கன்னத்தைத் தொட்டாள். சுட்டது. அந்தக் காய்ச்சல் சூடு.

"ம்மோ," என்றாள் குழந்தை. அம்மாவின் முன்னெற்றி நரையைப் பிடித்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். தொங்கின தாடையை விரலால் அழுத்தினாள். விட்டாள். கழுத்துச் சுருக்கத்தில் நகத்தை ஓட்டினாள்.

பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா இப்படி இல்ல."

டார்ச் அமிர்தவல்லியின் முகத்துக்கு வந்தது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில்தான் அவர் முகம் அவளுக்குத் தெரிந்தது. நரை இல்லை. சுருக்கம் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை புதுத் தோல். சிவப்பாக. ஈரமாக. வழவழவென்று.

"ஆமாம்மா," என்றார் ரவிச்சந்திரன், பொறுமையாக. "நிறைய வேலை இருக்கு."

வாளியில் தண்ணீர் சலசலத்தது. பழைய பெயிண்டை உரித்தெடுக்கிற சொரசொரத் தாளை நனைத்து, இரண்டாக மடித்தார்.

"கண்ணாடியக் கழட்டு, வல்லி."

எங்கே ஓடுவது. யாரிடம். கழற்றினாள்.

எல்லாம் மங்கிற்று. சுவரில் இரண்டு மஞ்சள் வட்டம். தண்ணீர் சொட்டுகிற சத்தம். பின்னாலிருந்து, கொதிக்கிற இரண்டு சின்னக் கைகள் வந்து, அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டன.